கோப்பையில் என்ன கலந்தது?

மர்ம நாவலைப் பற்றி விமரிசனம் எழுதுவதை நம்மில் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அதிலும் சிரிக்கச் சிரிக்க எழுதிய மர்ம நாவல் என்றால் கேட்கவே வேண்டாம். ரயிலில் படித்துவிட்டு, இறங்கும்போது பலகையிலேயே விட்டுவிட வேண்டிய சரக்கு என்பது அவர்கள் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கனமான நாவலை நாம் எச்சரிக்கையோடு படிக்கிறோம். ஆசிரியர் ஒரு கருத்தைச் சொல்ல வந்தால், 'கொஞ்சம் பொறும்' என்று தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கிறோம். லேசான நாவலையோ வாசற்கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறோம். அந்தக் கதவு வழியாக என்னென்ன உள்ளே வருகின்றன என்று பார்ப்பதும் விமரிசகன் வேலைதானே?

சிரிப்பையும் மர்மத்தையும் ஒரே அடுப்பில் ஏற்றிச் சமைத்தவர்கள் தமிழில் உண்டு. 1942-ல் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை இன்னும் நாம் மறக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, கொலை நடந்த அறையிலும் ஒரு கிண்டலை உட்கார்த்தி வைத்தார். அவருடைய 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில், நாட்டுப்பாடல் ஆராய வந்த பட்டணத்து இளைஞன் ஒருவன் ஒரு கிராமத்துப் பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான். அந்நியமான வீடு, அறியாத மனிதர்கள், இரவில் கேட்கும் சத்தங்கள். நடுவே வாசகனுக்குச் சிரிப்பு. ஆகவே இந்தச் சுவை நமக்குப் புதியதல்ல.

இப்போது நான் எடுத்துக்கொண்டிருக்கும் நாவல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எழுதியவர் லியான் மொரியார்ட்டி. ஸிட்னிக்காரர், 1966-ல் பிறந்தவர். 'பிக் லிட்டில் லைஸ்' என்ற 2014-ம் ஆண்டு நாவலால் உலகப் புகழ் பெற்றவர். அதற்குப் பின் 2018-ல் வெளிவந்தது 'நைன் பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. தலைப்பிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறவே அறியாத ஒன்பது பேர் என்பது ஒரு பொருள். குறையே இல்லாதவர்களாக மாற ஆசைப்பட்டு வந்த ஒன்பது பேர் என்பது மற்றொன்று.

கதை நடக்கும் இடம் ஸிட்னியிலிருந்து பல மணி நேரம் காரில் போக வேண்டிய ஓர் ஆரோக்கிய விடுதி. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊர் விட்டு ஊர் போவது நமக்கும் பழக்கமானதுதான். சாரல் விழுந்தால் குற்றாலம். மூட்டு வலி என்றால் 1902-ல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை. காந்தியடிகள்கூட 1946-ல் புனேக்கு அருகே உருளி காஞ்சனில் ஓர் இயற்கை வைத்திய நிலையத்தைத் தொடங்கி வைத்தார். மேல்நாட்டு இலக்கியத்திலும் இதற்கு வம்சாவளி உண்டு. தாமஸ் மன்னின் 'மாய மலை' (1924) நாவலில், மலைமேல் இருக்கும் காசநோய் விடுதிக்கு உறவினனைப் பார்க்க மூன்று வாரத்துக்கென்று போனவன் ஏழு வருஷம் தங்கிவிடுகிறான். அமெரிக்க நாவலாசிரியர் டி. ஸி. பாயில், டாக்டர் கெல்லாக்கின் புகழ் பெற்ற ஆரோக்கிய நிலையத்தை வைத்து 1993-ல் ஒரு கேலி நாவலே எழுதினார். நோயாளி தன் உடம்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் சொன்னபடி உண்டு, உறங்கி, நடப்பதில் வேடிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. நாவலாசிரியர்களுக்கு வேறென்ன வேண்டும்?

மொரியார்ட்டியின் விடுதியை நடத்துகிறவள் மாஷா. ரஷ்யாவில் பிறந்தவள், பெரிய கம்பெனி ஒன்றில் உயர்ந்த பதவியில் இருந்தபோது மாரடைப்பால் மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பியவள். நெடிய உருவம், கூரிய பார்வை, எதிரே இருப்பவர் மறுக்க முடியாத குரல். 'பத்தே நாளில் உங்களைப் புது மனிதராக ஆக்கி அனுப்புகிறேன்' என்பது அவளுடைய வாக்கு. அதை நம்பி, நிறையப் பணமும் கட்டி, ஒன்பது பேர் வந்து சேருகிறார்கள்.

அவர்களில் முதல்வர் ஃபிரான்ஸிஸ். வயது ஐம்பத்திரண்டு, தொழில் காதல் நாவல் எழுதுவது. இடுப்பு வலி, பதிப்பாளர் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி, இணையத்தில் காதல் பேசிப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போன ஒரு மோசக்காரன் கொடுத்த அவமானம், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறாள். உணவுக் கட்டுப்பாட்டுக்கென்றே வந்தவள் பெட்டியில் மதுவையும் சாக்லேட்டையும் ஒளித்து எடுத்து வருகிறாள். அவை அறையிலிருந்து மறைந்துபோகின்றன. திருடியவர் விடுதிக்காரர்கள்தான் என்று தெரியும். ஆனால் புகார் செய்ய முடியுமா? ஏகாதசி விரதமென்று சொல்லிவிட்டுச் சமையலறையில் வடை தேடியவர் போல அவள் விழிக்கும் இடம் நல்ல நகைச்சுவை. மற்றவர்களும் சளைத்தவர்கள் அல்ல. உடம்பு பெருத்துப்போன பழைய கால்பந்து வீரன் டோனி. லாட்டரியில் பெரும் பணம் விழுந்து, அதனாலேயே தாம்பத்தியம் கசந்துபோன பென்னும் ஜெஸிகாவும். கணவன் விட்டுப்போன நான்கு பெண்களின் தாய் கார்மெல். விவாகரத்து வழக்குகளையே நடத்திப் பிழைக்கும் அழகன் லார்ஸ். இவர்களோடு மார்க்கோனி குடும்பத்தார் மூவர்.

வந்த உடனே மாஷா ஒரு சட்டம் போடுகிறாள்: முதல் சில நாட்களுக்கு யாரும் யாரோடும் பேசக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. கதையைக் கிளப்பிவிடும் பொறி இதுதான். இதன் சாமர்த்தியத்தை நம்மவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறிய ஒன்பது பேர், தாம்பரம் தாண்டுவதற்குள் சொந்த ஊர், சம்பளம், பெண்ணுக்கு வரன் பார்ப்பது, சர்க்கரை வியாதிக்கு எந்த டாக்டர் என்பது வரை பேசித் தீர்த்துவிடுவார்கள். அப்புறம் மர்மத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? வாயைக் கட்டினால்தான் மனம் பேச ஆரம்பிக்கும். ஒருவரைப் பற்றி ஒருவர் தாறுமாறாக ஊகிப்பார்கள். பக்கத்து மேஜையில் இருக்கும் முரட்டு மனிதன் கொலைகாரனாக இருப்பானோ என்று ஒருத்தி நினைக்கிறாள். அவனோ செத்துப்போன தன் நாயை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். ஆசிரியை அத்தியாயத்துக்கு ஒருவர் மனத்துக்குள் புகுந்து எழுதுவதால், ஒருவர் கண்ணில் பூதமாகத் தெரிந்தவர் அடுத்த அத்தியாயத்தில் நம் வீட்டு மனிதராகிவிடுகிறார். அந்நியர் என்பவர் யார் என்ற கேள்விக்கு இதைவிட இதமான பதிலைச் சமீபத்திய நாவல்களில் நான் படித்ததில்லை.

மர்ம நாவல் எழுதுகிறவர்கள் அந்நியர்களை ஓரிடத்தில் கூட்டி அடைத்துவைப்பது பழைய தந்திரம். அகதா கிறிஸ்டி 1939-ல் பத்துப் பேரைத் தீவில் கொண்டுபோய் விட்டார். அந்தச் சாயலில் எஸ். பாலசந்தர் 1970-ல் 'நடு இரவில்' என்ற படம் எடுத்தார். அந்தக் கதைகளில் நாம் கேட்கிற கேள்வி, 'அடுத்து யார் சாகப் போகிறார்?' என்பது. மொரியார்ட்டி கேட்க வைப்பது வேறு கேள்வி: 'இவருக்கு அப்படி என்ன துக்கம்?' பிணத்துக்குப் பதிலாகத் துயரத்தை மர்மமாக்கியிருக்கிறார்.

அதன் சிகரம் மார்க்கோனி குடும்பம். தகப்பன் நெப்போலியன் பள்ளி ஆசிரியர், ஓயாமல் பேசுகிறவர். தாய் ஹெதர் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மகள் ஸோயி. ஸோயியின் இரட்டைச் சகோதரன் மூன்று வருஷத்துக்கு முன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். அந்த நாள் திரும்பி வரும்போது வீட்டில் இருக்க மனம் தாளாமல் மூவரும் இங்கே வந்திருக்கிறார்கள். மூவர் மனத்திலும் ஆளுக்கொரு முள். 'என்னால்தான் போனான்' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நம்பி, மற்ற இருவரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். அந்த மூன்று முட்களும் என்னென்ன என்று நான் சொல்ல மாட்டேன். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பக்கங்கள் அவை.

'சிரிப்புக் கதையில் இப்படி ஒரு சாவை வைக்கலாமா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வைக்கலாம் என்றே சொல்வேன். சாவு வீட்டில் சிரிப்பு எழுவதே இல்லையா? பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று உறவினர் கூடியிருக்கும்போது, போனவருடைய ஒரு குறும்பை யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு துக்கத்தைச் சிறுமைப்படுத்துவதில்லை. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார நமக்குத் தெம்பு தருகிறது. மொரியார்ட்டியின் நகைச்சுவை, இந்த மூவரைப் பொறுத்த வரையில், அந்த வகையைச் சேர்ந்தது. இதற்காகவே அவர் மதிப்புக்குரிய எழுத்தாளர் என்பேன்.

இனி, என் மனத்தை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் கதை நடுவிலுள்ள ஒரு ரகசியத்தை உடைத்தாக வேண்டும். படிக்க எண்ணியிருக்கும் நேயர்கள் பொறுத்தருள்க. முடிவை நான் தொட மாட்டேன்.

விருந்தாளிகளுக்குத் தினமும் பழமும் கீரையும் சேர்த்து அரைத்த ஒரு கோப்பை கூழ் வருகிறது. 'ஸ்மூத்தி' என்பார்கள். ஆளுக்கொரு பக்குவம், ஆளுக்கொரு அளவு. குடிக்கக் குடிக்க மனம் லேசாகிறது, நிறங்கள் பிரகாசமாகின்றன. காரணம், அதில் எல்.எஸ்.டி. என்ற மயக்க மருந்து துளித்துளியாகக் கலந்திருக்கிறது. குடிக்கிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. தொழில் அனுபவத்தால் முதலில் சந்தேகப்பட்டுக் கேட்பவள் மருத்துவச்சி ஹெதர். பிறகு பெரிய அளவு மருந்து, பூட்டிய அறை, பசி, பீதி என்று கதை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது.

இந்தப் பூட்டிய அறைப் பகுதி நீளம் என்பது ஒரு குறை. ரத்தமும் சதையுமாக இருந்த மாஷா, இங்கே கதையை ஓட்டுவதற்கு வேண்டிய பைத்தியக்காரியாக ஆக்கப்படுகிறாள் என்பது இன்னொரு குறை. இவை கலைக் குறைகள். தொடர்கதை எழுதிப் பழகிய எவரும் மன்னித்துவிடக் கூடியவை. நான் மன்னிக்கத் தயங்குவது வேறொன்று. கடைசி அத்தியாயங்களில் ஆசிரியை ஒவ்வொருவருடைய பிற்கால வாழ்க்கையையும் எடுத்துச் சொல்கிறார். பெரும்பாலும் எல்லோருக்கும் நல்லதே நடக்கிறது. மாஷாவை ஆசிரியை பாராட்டவில்லை, கேலிகூடச் செய்கிறார். ஹெதரின் கோபத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆனாலும் கதையின் பேரேட்டைப் புரட்டினால் வரவுப் பக்கம்தான் கனக்கிறது.

பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். புத்தகத்தை அவருக்குக் கொடுத்திருந்தேன். திருப்பித் தரும்போது என் ஆட்சேபத்தைச் சொன்னேன்.

"கடைசியிலே எல்லாரும் நல்லாத்தானே ஆயிட்டாங்க, தம்பி? அப்புறம் என்ன தப்பு?" என்றார்.

"அவங்களைக் கேக்காமக் கலந்து கொடுத்தாளே, டீச்சர்?"

"கேட்டா யாரு குடிப்பாங்க? எங்கப்பாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் மாத்திரையைப் பொடி பண்ணிப் பால்லேதான் கலந்து கொடுத்தேன். 'எனக்கு ஒண்ணும் இல்லே'ன்னு தட்டி விட்டுடுவாரு." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒவ்வொரு நாளும் அந்த டம்ளரை நீட்டும்போது கை கூசும், தம்பி."

ஆசிரியை அம்மாள் கேட்ட கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அன்பு காரணமாக மறைப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். அவர் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கேள்விக்குள்ள பதிலையும் அவரே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சம்தான் பதில். மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒருவர் இருந்தார். கொடுத்தவள் பெற்ற மகள். குடித்தவருக்கு ஏதாவது நேர்ந்தால் இரவெல்லாம் விழித்துப் பார்க்க அவள் பக்கத்திலேயே இருந்தாள். இவ்வளவு இருந்தும் அவள் கை கூசியது. மாஷாவின் கை கூசுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு, பெயர் மட்டும் தெரிந்த ஒன்பது பேருக்குக் கோப்பையை நீட்டுகிறாள். 'உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத் தெரியும்' என்பதே அவளுடைய வேதம்.

இந்த வேதம் ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை. நம் ஊர்ச் சுவர்களிலும் பேருந்துகளிலும் ஒட்டிய துண்டு விளம்பரங்களைப் பாருங்கள்: குடிப்பழக்கத்தை விட வைக்கும் மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிற மனைவிக்கும் தெரியாது, சாப்பிடுகிற கணவனுக்கும் தெரியாது. அவளுடைய கண்ணீர் உண்மை. அவளுடைய ஆசை நியாயம். அந்த நியாயத்தை மூலதனமாக வைத்துத்தான் பொடி விற்கிறவன் பிழைக்கிறான். 'முடிவு நல்லதென்றால் கேட்காமல் கலக்கலாம்' என்று ஒரு நாவல் நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தால், இந்த விளம்பரத்துக்கு அது கைகொடுத்தது போலாகாதா?

உலக அனுபவமும் வேறு விதமாகவே இருக்கிறது. எல்.எஸ்.டி.யை ஸ்விட்ஸர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் தயாரித்தது 1938-ல். அது மனத்தை என்ன செய்யும் என்று தெரிந்தது 1943-ல். பத்தே வருஷத்தில் அது உளவாளிகள் கைக்குப் போய்விட்டது. 1953 நவம்பரில் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து டீப் க்ரீக் ஏரிக்கரையில், அரசாங்க விஞ்ஞானிகள் சிலர் ஓய்வுக் கூட்டமாகக் கூடினார்கள். அவர்கள் அருந்திய மதுவில், அவர்களுக்குச் சொல்லாமலே, உளவுத் துறையார் இந்த மருந்தைக் கலந்தார்கள். அருந்தியவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஓல்ஸன். ஒன்பது நாள் கழித்து நியூயார்க் ஓட்டல் ஒன்றின் ஜன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார். தாமாக விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்ற சர்ச்சை பின்னால் எழுந்தது. மருந்து கலந்த செய்தியே குடும்பத்தாருக்கு 1975 வரை தெரியாது. அதுவும் ஊருக்கு ஒதுக்கமான ஒரு விடுதி. அங்கேயும் நம்பிக் குடித்த ஒரு கோப்பை. அந்தக் கதைக்குக் கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் நன்றாயிருக்கவில்லை.

இன்றைக்கு மனநோய்க்கு இந்த வகை மருந்துகள் பயன்படுமா என்று ஆராய்கிறவர்கள், நோயாளிக்கு விவரம் சொல்லி, எழுத்து மூலமாகச் சம்மதம் வாங்கிய பிறகே தொடங்குகிறார்கள். மௌன விரதத்துக்கும் அப்படி ஓர் ஒழுங்கு உண்டு. கோயங்கா 1969-ல் இந்தியாவில் நடத்தத் தொடங்கிய விபஸ்ஸனா முகாம்களிலும் பத்து நாள்தான் கணக்கு. பேச்சும் சைகையும் இல்லாத 'ஆரிய மௌனம்'தான் விதி. ஆனால் இன்ன இன்ன விதிகள் என்று சேரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள், கட்டணமும் கிடையாது. கஷ்டத்தை அறிந்து ஏற்றுக்கொள்வது தவம். அறியாதவன் மேல் அதைச் சுமத்துவதற்குத் தவமென்று பெயரில்லை.

இங்கேதான் தேவனை நினைத்துக்கொள்கிறேன். சாம்பு வேலையிழந்த ஒரு பாங்கி குமாஸ்தா, மூளை மட்டம். அவன் இடறி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுகிறான். உளறுகிற வார்த்தை துப்பாகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் மெச்சுகிறார், ஊரே மெச்சுகிறது. ஆனால் வாசகன் ஒருவன் மட்டும் ஏமாறுவதில்லை. இது அதிர்ஷ்டம், திறமை அல்ல என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். சிரிப்பே அந்தத் தெளிவிலிருந்துதான் பிறக்கிறது. மாஷாவும் ஒரு சாம்புதான். அவள் செய்த விபரீதத்தில் யாரும் சாகாமல் பிழைத்ததும், சிலர் மனப் புண் ஆறியதும் அதிர்ஷ்டம். புண்ணை ஆற்றியவை மருந்துக் கோப்பைகளா, அல்லது அந்நியர்கள் ஒருவருக்கொருவர் மனம் திறந்து சொல்லிக்கொண்ட வார்த்தைகளா என்று ஆசிரியை பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். அவர் எழுதிய சிறந்த பக்கங்களே சாட்சி: மார்க்கோனி மூவரும் தேறியது, தங்கள் முட்களை ஒருவருக்கொருவர் பிடுங்கிக் காட்டியதால். அதற்கு எந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு ஒரு காது வேண்டியிருந்தது. இதை மொரியார்ட்டி அறிவார். ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் விறுவிறுப்பு குறுக்கே வந்துவிட்டது.

2021-ல் இந்த நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. மாஷாவாக நிகோல் கிட்மன் நடித்தார். கதை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அழகான காட்சிகள், ஆனால் ஃபிரான்ஸிஸின் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த கிண்டல் பேச்சு அதில் பாதிகூட வரவில்லை. முடிந்தால் புத்தகத்தையே படியுங்கள்.

குறை இவ்வளவு சொன்ன பிறகும் படியுங்கள் என்கிறேனே என்று கேட்கலாம். ஒன்பது அந்நியர்களைப் பெயரும் வலியுமாக நினைவில் நிறுத்துகிற நாவல், கையில் எடுத்த நேரத்துக்கு வஞ்சனை செய்யாத நாவல். குற்றாலம் போகும்போதோ, மழை நாளில் வீட்டிலோ, சிரித்துக்கொண்டே படிக்கலாம். எவ்வளவு இனிக்கப் பேசி எவர் நீட்டினாலும், 'இதில் என்ன கலந்திருக்கிறது?' என்று கேட்கும் உரிமை குடிக்கிறவனுக்கு உண்டு. நாவல் படிக்கிறவனுக்கும் உண்டு.